அடைக்கோழிக்காகப் போன அக்கா

ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரின் கூடையிலிருந்து வைக்கோலும் கோழிச்சூடும் கலந்த வாடை வந்ததும், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் மண்ணுக்குள் போன எங்கள் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, நினைவுக்கு வந்தது. அங்கே அடுப்பு மூலையில் ஒரு கூடையில்தான் அம்மா கோழியை அடைவைப்பாள். முட்டைக்குள் குஞ்சு கத்துவதை நானும் அக்காவும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

குஞ்சு பொரிக்கவிருந்த அன்று காலை, விடாத மழையால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறதென்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். கூடையை விட்டுவிட்டு வந்ததற்காக நான் அழுதேன்.

“அழுவாதடி. அம்மாகிட்ட சொல்லாத, ஓடிப்போயி தூக்கிட்டு வந்துர்றேன்” என்று அக்கா மழையில் இறங்கினாள்.

சற்று நேரத்தில் மலை சரிந்த சத்தம் கேட்டது. எவ்வளவு மண்ணை அள்ளியும் அக்கா கிடைக்கவில்லை.

அவள் ஏன் திரும்பிப் போனாள் என்று அம்மா இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்கிறாள்; என்னிடம் மட்டும் கேட்டதில்லை.