தாளம் தப்பிய மூன்று விநாடி

ஜூன் இருபத்தொன்று, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மும்பை மாட்டுங்காவில் தூறல். குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவிடாத ரகம். இரண்டாவது காபியில் பாதியில் இருந்தேன். போன் அடித்தது. வைத்தி.

எங்கள் பகுதி சங்கீத சபாவில் முப்பத்தோரு வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். போனில் ஹலோ சொல்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது.

"டேய், டீஸர் பாத்தியோ?"

"பாக்கலையே. என்ன?"

"நீ வரே. மூணு செகண்ட்."

காபி புரையேறிவிட்டது. எழுபத்து நான்கு வயதில் சினிமாவில் முகம் தெரிவதென்றால் சும்மாவா?

"ரொம்பச் சந்தோஷப்படாதே. தாளம் தப்பா போட்டிருக்கே."

வைத்துவிட்டான்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும். போன டிசம்பரில் ஒரு சினிமா கம்பெனி எங்கள் சபாவைத் தேடி வந்தது. முழுக்க முழுக்கப் பாட்டிலேயே நடக்கிற படமாம் — பதினேழு பாட்டு. தாராவியில் வளர்ந்த ஒரு பையன் பெரிய பாடகனாகிற கதை. அவன் முதன்முதலாக மேடையேறுகிற காட்சிக்கு, முன்னால் உட்கார்ந்து ஒழுங்காகத் தாளம் போடத் தெரிந்த கிழவர்கள் இருபது பேர் தேவை. கூட்டத்துக்கென்று வழக்கமாக வருகிறவர்கள் தொடையில் கொசு அடிப்பதுபோலத் தட்டுகிறார்களாம். டைரக்டருக்கு அசல் வேண்டுமாம். அசலுக்கு மாட்டுங்காவை விட்டால் எங்கே போவார்?

ஆளுக்கு ஆயிரம் ரூபாய், மத்தியானம் சாப்பாடு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஒரே பாட்டின் ஒரே அடி. ஆதி தாளம். எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. பதினான்கு டேக். ஒன்றில்கூட என் கை பிசகவில்லை. இடது பக்கம் வைத்தி. அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. தாளம் போடுகிறவன் பக்கவாட்டில் பார்க்கக் கூடாது.

அப்படிப் போட்ட தாளம் எப்படித் தப்பும்?

டீஸரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது தடவை. எட்டாவது தடவைதான் பிடிபட்டது. படம் எங்களுடையது, பாட்டு வேறு! நாங்கள் எட்டுக்குத் தட்டிய காட்சியின் மேல், ஐந்து எண்ணிக்கையில் துள்ளிக்கொண்டு போகிற வேறொரு பாட்டைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். பாட்டு அங்கே டமால் என்று வந்து விழுகிறது; நான் இங்கே நிதானமாகச் சுண்டுவிரலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். முகத்தில் அப்படியொரு தன்னம்பிக்கை வேறு. பக்கத்தில் வைத்தியின் முழங்கை மட்டும்தான் தெரிகிறது. அதனால் அவன் மானம் தப்பித்தது.

வைத்தியைக் கூப்பிட்டு விளக்கினேன்.

"அது எனக்குத் தெரியறதுடா. ஊருக்குத் தெரியுமா? ஜூலை ஆறாம் தேதி ஞாயித்துக்கிழமை நம்ம சபாவிலே அந்தச் செம்பூர்ப் பொண்ணோட மொதல் கச்சேரி. நீ முன்னாடி உக்காராதே. பாவம், உன் கையைப் பாத்தா அது கொழம்பிடும்."

"அப்போ நடு நாற்காலியிலே யாரு?"

"நான் இல்லையா?"

சபா பக்கம் போகாதவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றும். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையின் நடு நாற்காலி என்னுடையது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது கணக்குக்கு என் கையைத்தான் ஒரு தடவை பார்ப்பார். ரிடையர் ஆனபிறகு எனக்கு மிச்சமிருக்கிற ஒரே பதவி அது. ஜூலை நான்கு, வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. அதில் சரியான பாட்டோடு என் கை வந்துவிட்டால் பிழைத்தேன். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் நான்காவது வரிசையில், தூணுக்குப் பின்னால்...

இந்தக் கவலையில் கிடக்கும்போதுதான் திங்கட்கிழமை ரசிகர் மன்றம் வீட்டுக்கு வந்தது.

ஐந்து பேர். முன்னால் நின்றவர் முருகேசன். தாராவியில் பை தைக்கிற கடை. கதாநாயகனின் ரசிகர் மன்றத்துக்கு மும்பைச் செயலாளர். பூக்கடையில் போனைக் காட்டி, 'இந்தப் பெரியவர் எங்கே இருக்கார்?' என்று விசாரித்து வந்திருக்கிறார்கள். பூக்கடைக்குப் போனதற்கு அடையாளமாகக் கையில் பெரிய ரோஜா மாலை.

"தாத்தா, நீங்கதான அந்தத் தாளத் தாத்தா? ஏல, பாருங்கல, நேர்ல இன்னும் சின்னதா இருக்காவ!"

மாலையை என் கழுத்தில் போட்டார்கள். நான் அப்படியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து வந்த என் மனைவி கோமளம் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். மாலையைக் கழற்றிக்கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்குப் போட்டாள்.

"மாலையும் கழுத்துமா ஆடாம அசையாம உக்காந்திருக்கேள். அக்கம்பக்கத்திலே யாராவது எட்டிப் பாத்தா, எப்போ ஆச்சுன்னு கேக்கப்போறா."

முருகேசன் விஷயத்துக்கு வந்தார்.

"உண்மையச் சொல்லிருங்க தாத்தா. நீங்க வேணும்னுதான தப்பா தட்டுதீங்க?"

"நான் தப்பா தட்டலைப்பா. அவா பாட்டை மாத்திட்டா."

"அதாம்லா நானும் சொல்லுதேன்! பாட்டு ஒரு பக்கம் போவுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க. அப்ப நீங்க யாரு? எங்க ஆளு சின்ன வயசுல தொலைச்ச குரு!"

பின்னால் நின்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. "குரு இல்லண்ணே, கொலைகாரன். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்... மூணு. மூணாவது பாட்டுல ஒரு ஆளு காலி."

ஆதி தாளத்துக்கு எண்ணிக்கை மூன்று அல்ல, எட்டு என்று திருத்தினேன். செய்திருக்கக் கூடாது.

"எட்டா? அப்ப எட்டாவது பாட்டு! தாத்தாவே வாயத் திறந்து சொல்லிட்டாவ!" உடனே நான்கு பேர் போனில் தட்ட ஆரம்பித்தார்கள். கொலைகாரன் என்று ஒருவர் நம்மை மரியாதையோடு சொல்லும்போது மறுக்க மனம் வருகிறதா, சொல்லுங்கள்?

"இந்த வருசம் துணை நடிகர் விருது ஒங்களுக்குத்தான் தாத்தா. ஏக்தம் பக்கா!"

"மூணு செகண்டுக்கா?"

"ஒண்ணரை நிமிச டீஸர்ல மூணு செகண்டுன்னா, ரெண்டரை மணி நேரப் படத்துல எவ்வளவு இருக்கும்? கணக்குப் போடுங்க."

போட்டேன். ஐந்து நிமிடம் வந்தது. முருகேசனிடம் சொன்னேன். "அஞ்சு நிமிசம் தாராளம் தாத்தா, போதும்" என்றார்.

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். துணை நடிகர் விருது யாருக்கு? வில்லனுக்கா, கதாநாயகியின் அப்பாவுக்கா, தாளத் தாத்தாவுக்கா? பிடித்தவருக்குக் கை தூக்குகிற பொம்மையைப் போட வேண்டும். ஐம்பத்தெட்டு பேர் உள்ள குழுவில் எனக்கு எழுபத்து மூன்று கை விழுந்தது. இது எப்படிச் சாத்தியம் என்று எழுதிக் கேட்டேன். 'அன்பு ஜாஸ்தி தாத்தா' என்று பதில் வந்தது.

முலுண்டிலிருந்து ஒருவர், ஐந்தாவது பாட்டுக்குத்தான் சிறந்த பாடல் விருது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பாட்டு இன்னும் வெளியாகவே இல்லை. கேட்காத பாட்டுக்கு விருதா என்றேன். "கேட்டப்புறம் எல்லாருந்தான் குடுப்பாங்க சார்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. படம் வந்துவிட்டால் அது படமாக மட்டும்தான் இருக்கும். வருவதற்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் எல்லாருமே நன்றாக நடிக்கிறார்கள், எல்லாப் பாட்டும் இனிக்கிறது, எல்லாருக்கும் விருது கிடைக்கிறது. எனக்கே கிடைத்ததே!

அடுத்த புதன்கிழமை ஷேவ் செய்துகொண்டிருந்தபோது கோமளம் கதவைத் தட்டினாள்.

"யாரோட பேசிண்டிருக்கேள்?"

"யாரோடயும் இல்லையே."

"அரை மணியா எல்லாருக்கும் நன்றி சொல்லிண்டிருக்கேள். டைரக்டர், கேமராமேன், சாப்பாடு போட்டவன்... இருபத்து மூணு பேரு. என் பேரு வரலை."

அவளும் எண்ணுகிறாள்! நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் தொற்றிக்கொள்ளாதா?

"நீங்க தொடையிலே தட்டினதுக்கு விருதுன்னா, நான் தோசை திருப்பறதுக்கு என்ன குடுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குத் தோசை கொஞ்சம் கருகலாகத்தான் வந்தது.

ஜூலை நான்கு. அடைமழை. செம்பூர் மாலில் காலை ஒன்பதரை ஆட்டம். ஒன்பது டிக்கெட் எடுத்திருந்தேன். நான், கோமளம், வைத்தி, சாட்சிக்குச் சபாவிலிருந்து ஆறு பேர். வைத்தி வர மாட்டேன் என்றான். மத்தியானம் சாப்பிட்டதும் படுக்கிறவனுக்குக் காலை ஆட்டத்தில் என்ன கஷ்டம்? "உன் டிக்கெட்டும் நான்தான் எடுக்கறேன், வாடா" என்றேன். வந்தான்.

வாசலில் ஆளுயரப் பேனர். கதாநாயகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் நான். கீழே 'விருதுகளை எண்ணும் விரல்களே!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முருகேசன் பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

படம் ஆரம்பித்தது. மூன்றாவது பாட்டில் யாரும் சாகவில்லை. எட்டாவதிலும் இல்லை. ஒன்பது, பத்து... நான் இல்லவே இல்லை. என்னை வெட்டிவிட்டார்களோ? நான்காவது வரிசைத் தூண் கண்முன் வந்து நின்றது.

பதினோராவது பாட்டு. கச்சேரி மேடை. பாட்டு எழும்பியது — எட்டு! எங்கள் பாட்டேதான்! திரை முழுக்க ஒரு வலது கை. என் கை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. பாட்டு வந்து இறங்கிய அதே இடத்தில் என் கையும் இறங்கியது. ஒரு மயிரிழை பிசகில்லை. சபாக்காரர்கள் ஆறு பேரில் யாரோ, "பேஷ்!" என்றார்கள். முருகேசன் விசிலடித்தார். கேமரா கையிலிருந்து மெல்ல ஏறி என் முகத்துக்கு வந்தது. ஒரு விநாடி நின்றது.

அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இடது பக்கம் நகர்ந்தது.

வைத்தி. தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்ணாடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய், உள்ளே இருக்கிற பல்லையெல்லாம் எண்ணிவிடலாம் போலத் திறந்திருந்தது. நல்ல தூக்கம். மேடையிலிருந்து கதாநாயகன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். பயம் தெளிந்து, இன்னும் ஓங்கிப் பாடுகிறான். கதையே அந்த இடத்தில்தான் திரும்புகிறது!

தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எங்கள் வரிசை முழுவதும் வைத்தியின் பக்கம் திரும்பியது.

அவன் இப்போதும் தூங்கிக்கொண்டிருந்தான். அதே சாய்வு. அதே வாய். சத்தம் கேட்டு விழித்து, "என்னடா, முடிஞ்சுடுத்தா?" என்றான்.

வெளியே வந்ததும் மன்றத்து ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கென்று கொண்டுவந்திருந்த மாலை அவன் கழுத்தில் விழுந்தது. முருகேசனுக்கு என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"நீங்க நல்லாத்தான் தட்டுனீங்க தாத்தா. கொறை சொல்ல முடியாது. ஆனா நடிப்புன்னா அதுல்லா நடிப்பு! ஒரு எடத்துலயாவது நடிக்காருன்னு தெரியுதா?"

சாயங்காலம் குழுவில் மறுபடி ஓட்டெடுப்பு. தூங்குகிற தாத்தாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு கை. எனக்கு நான்கு. அதில் ஒன்று நான் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடு நாற்காலியை வைத்தியே துடைத்துக் கொடுத்தான். "நீயே உக்காருடா. என்னை நாலு பேர் வெளியிலே கூப்பிட்டுண்டே இருக்கா." செம்பூர்ப் பெண் பிரமாதமாகப் பாடினாள். தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரர் ஒரே ஒரு தடவை என் கையைப் பார்த்தார். கை சரியாக இருந்தது. அந்த ஒரு பார்வைக்காக இன்னும் பத்து டீஸரில் அவமானப்படலாம் என்று தோன்றியது.

அதே நேரத்தில் பின்னால், வைத்தி இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல். "மாமா, கண்ணை மூடிண்டு வாயை மட்டும் கொஞ்சம் திறங்கோ. ஒரே ஒரு போட்டோ."

சினிமா எனக்குக் கொடுத்தது ஆயிரம் ரூபாய். டிக்கெட், டாக்ஸி, இடைவேளை சமோசா எல்லாம் சேர்த்துச் சினிமாவுக்கு நான் கொடுத்தது நாலாயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய் — வைத்தி தூங்கிய டிக்கெட்டும் அதில் அடக்கம்.