கடைசிப் பாட்டுக்கு முன்

வெள்ளவத்தையில் வந்து நிற்கும் ரயிலில் கால் வைக்க இடமில்லை. பாதிப்பேர் ஸ்டேடியத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள். நானும் என் பயணப் பையும் எப்படியோ உள்ளே தள்ளப்படுகிறோம். ஒருவருடைய முழங்கை என் விலாவில் இடிக்கிறது. இன்னொருவர் என் செருப்பின் மேலேயே நிற்கிறார். ஜன்னலோரம் முக்காட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண், நான் கேட்காமலேயே பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்.

"மியூசிக் ஷோவுக்கு இவ்வளவு பெரிய பேக்கா, மகள்?"

"இரவு ரெயினில யாழ்ப்பாணம் போகோணும் அக்கா. நாளைக்கு வேலை. கடைசிப் பாட்டுக்கு முன்னமே வெளிக்கிட்டிடுவன். போன முறையும் அப்பிடித்தான்."

எனக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டைப் பாடகர் எப்போதும் கடைசிக்குத்தான் வைத்திருப்பார். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்; ஆனால் போன முறையும் அதைக் கேட்காமலேதான் திரும்பினேன்.

பையை வைத்திருக்கும் அக்காவின் வீடு கிராண்ட்பாஸில், ஸ்டேடியத்துக்குப் பின்னால். ஒருநாளும் உள்ளே போனதில்லையாம். குசினியில் அடுப்படியில் நின்றாலே எல்லாம் கேட்குமாம்.

"கடைசிப் பாட்டு எப்பிடிக் கேக்கும், அக்கா?"

"அவர்ட சத்தம் கேக்காது மகள். சனம்தான் பாடுற. எங்கட ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும்."

கொள்ளுப்பிட்டி தாண்டுகிறது. கடல் எங்கோ தோள்களுக்குப் பின்னால் இருக்கிறது. முழங்கைக்காரர் அதே பாட்டை முணுமுணுக்கத் தொடங்குகிறார். என் செருப்பில் நிற்பவரும் சேர்ந்துகொள்கிறார். இவ்வளவு நேரம் மனதுக்குள் நான் திட்டிக்கொண்டிருந்த இந்தச் சனம்தான் அதைப் பாடப்போகிறது. அந்த நேரம் நான் இரவு ரயிலில், யாரும் இடிக்காத ஓர் இருக்கையில் இருப்பேன்.