உலகம் ஐந்து போட்ட விளையாட்டுக்கு நான் போட்ட ஒன்பது

அந்த வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வெளியான வாரம் உலகமே சேர்ந்து அதைக் கழுவி ஊற்றியது. முதல் பாகத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய அதே விமர்சகர்கள்தான். பத்துக்கு ஐந்து, போனால் போகிறதென்று ஆறு. எல்லாருக்கும் ஒரே புகார். முதல் பாகத்தில் வாளோடு ஒரே வீரன். இதில் வாள், வில், கேடயம் என்று மூன்று பேர். சண்டையின் நடுவே ஒருவர் போய் இன்னொருவர் வர வேண்டும். மாறும்போதெல்லாம் திரை ஒரு மூச்சுவிடும் நேரம் அப்படியே உறைந்து நிற்கும். வேகமே செத்துவிடுகிறது என்றார்கள்.

தனியாக ஆடிப் பார்த்துவிட்டு நானும் அதையேதான் எழுதி வைத்திருந்தேன். ஒரு தமிழ் இணைய இதழுக்கு அது என் முதல் விமர்சனம். தேறினால் தொடர்ந்து எழுதலாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். டிப்ளமோ முடித்துவிட்டு தினமும் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த எனக்கு, வேறு எதுவும் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

சேரப்பணஞ்சேரியில் மாடி அறை. கூட இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா. கீழ்வீட்டில் ஓனர் மகள். மூவருக்கும் ஒரே கம்பெனியில், ஒரே அசெம்பிளி லைனில்தான் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமில் வரும் நெருப்புப் பாம்பிடம் நான் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு வந்த ஓனர் மகளுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாடி, வில்ல புடிச்சிக்கினு கொடி கம்பம் மாரி நிக்கிற? குடு இங்க!”

கன்ட்ரோலரைப் பிடுங்கியவள் நாலு அம்பை நேராகப் பாம்பின் கண்ணிலேயே விட்டாள். அடுத்து வாள் வர வேண்டும். அது அவளுக்குப் பிடிபடவில்லை. வீரனை மாற்றும் பட்டனை அழுத்திவிட்டு, கன்ட்ரோலரை என் மடியில் வீசினாள். திரை உறைந்து நின்று, மறுபடி ஓடியது. என் விரல்கள் தயாராக இருந்தன.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அதட்டினார். “ஏட்டி, சொல்லிட்டுல்லா குடுக்கணும்! ஷிப்ட் மாறுதப்போ மெஷின இப்படித்தான் விட்டுட்டு வருவியா?”

சொன்னதோடு நிற்காமல் கேடயத்தை அவரே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு கைமாற்றமும் சத்தத்தோடுதான்.

“உசுரு பாதிதான் கீது, வாலு லெஃப்ட்ல வருதுக்கா!”

“நான் பாத்துக்கிடுதேன், நீ தள்ளு!”

பாம்பு விழுந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் ஓனரம்மா பயந்துபோய்ப் படியேறி வந்துவிட்டார்.

எல்லாரும் திட்டிய அந்த இடைவெளி, கன்ட்ரோலர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் நேரம். மூன்று பேரின் பழக்கத்தையும் ஒரே ஆள் விரலில் ஏற்றிக்கொள்ள முயன்றால் இழுக்கத்தான் செய்யும். பழைய விமர்சனத்தை அழித்தேன். புதிதாக எழுதி, ஒன்பது போட்டு அனுப்பினேன்.

ஆசிரியர் உடனே போனில் கூப்பிட்டார்.

“உலகமே அஞ்சு போட்டிருக்கும்மா. நாம மட்டும் ஒன்பது போட்டா சிரிப்பாங்க. ஆறாக்கிடலாமா? கேம் அட்டையில ஒருத்தர் ஆடுறதுன்னுதானே போட்டிருக்கு?”

ஆறு என்றால் இன்றே வெளிவந்துவிடும் என்பது குரலிலேயே தெரிந்தது.

“சார், உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?”

“வொய்ஃப், மாமியார். ஏன்?”

“ஆளுக்கு ஒரு ஆயுதம் குடுத்து ஆடிப் பாருங்க. அப்பவும் ஆறுன்னா, என் விமர்சனமே வேணாம் சார்.”

சொல்லிவிட்டேனே தவிர, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து, லாக்கரிலிருந்து எடுத்த போனை பஸ்ஸில் ஏறித் திறந்தபோது ஆசிரியரின் செய்தி வந்திருந்தது: ‘கேடயத்தை மாமியார் விடமாட்டேங்கிறாங்க. ஒன்பது அப்படியே போகுது. அடுத்த மாச விமர்சனமும் நீங்கதான்.’

பஸ்ஸில் நான் போட்ட கத்தலுக்கு டிரைவர் பிரேக்கே அடித்துவிட்டார். விமர்சனம் வெளிவந்ததும், தண்டலம் பக்கத்துக் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு கூட்டம், நாங்களும் கைமாற்றித்தான் ஆடுகிறோம் என்று அதன் கீழே எழுதியது. முதல் வாரம் அந்த விளையாட்டைக் கிழித்த ஒரு தமிழ் யூடியூப் சேனல், ஆள் சேர்த்து மறுபடி ஆடி, தான் அவசரப்பட்டுவிட்டதாகப் புது வீடியோ போட்டது. அதை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

ஓனர் மகள் மட்டும் என் விமர்சனத்தை பஸ்ஸுக்கே கேட்கும்படி படித்து முடித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“வில்ல பத்தி ரெண்டே வரிதான் எழுதிகீற. ஒன்பதாம் ஒன்பது! பத்து போட்டா இன்னாவாம்?”