பிஷப்புக்கு ஒரு தொட்டி

ஏரிக்கரை ஊரான எங்கள் கிசுமுவில் ஒரு மீனைக் காட்டினால் யாரும் அதன் பெயரைக் கேட்பதில்லை. வறுவலா, குழம்பா என்றுதான் கேட்பார்கள். ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, வாயில் வைக்க முடியாத ஐந்து ஏஞ்சல் மீன்களை வளர்த்தவன் நான். பெயர் ஓகோலா. தொழில் முடி வெட்டுவது.

வாங்கும்போது அவை நாணயம் அளவுதான் இருந்தன. பக்கத்து வீட்டு ஓவிட்டி, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"எப்போடா வாணலிக்கு வரும்?"

"இது அழகுக்கு, பெரியவரே."

"அழகைத் தொட்டுக்கிட்டு உகாலிக் களி திங்க முடியுமா?"

மீன்கள் நன்றாக வளர்ந்தன. அதுதான் சிக்கல். இந்த மீன் நீளவாக்கில் வளராது, உயரவாக்கில் வளரும். ஐந்தில் பெரியதற்கு மேல்துடுப்பு தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டது, கீழ்த்துடுப்பு கூழாங்கல்லைப் பெருக்கியது. நீண்ட அங்கி தரையில் புரள நடப்பதுபோல அது நிதானமாக நீந்தும். அதனால் என் மனைவி அகேயோ அதற்கு பிஷப் என்று பெயர் வைத்திருந்தாள்.

"மட்டாட்டு வேன்ல நிக்கிற உன் தம்பி மாதிரியே இருக்குய்யா. தலை மேல முட்டுது, கால் கீழ மடங்குது. பெரிய தொட்டி வாங்கு."

அலங்கார மீன் விற்கும் அபோண்டியின் கடைக்குப் போனேன். அவள் நேராக ஓர் உயரமான தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். என் இடுப்புக்குமேல் மார்புவரை வந்தது. அகலமும் தாராளம்.

"இதுதாண்ணே. வளந்த ஏஞ்சலுக்கு உசரமும் வேணும், ஆளுக்கு ஒரு மூலையும் வேணும். இல்லைன்னா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். தண்ணி ஊத்தினா மேசை கனம் தாங்காது, சிமெண்டுத் தரையில சுவரோட ஒட்டி வைங்க. வெயில் படக் கூடாது, பாசி பிடிச்சிடும்."

என் வீட்டில் அப்படி ஓர் இடம் இருந்தது. ஒன்றே ஒன்று. அதில் என் நாற்காலி இருந்தது.

வீட்டுக்காரனின் நாற்காலி. விருந்தாளி அதில் உட்கார மாட்டார், மாமனார்கூட உட்காரவில்லை. பகல் முழுக்க மற்றவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே வேலை செய்கிறவனுக்கு, மாலையில் வந்து சாய அது ஒன்றுதான் உண்டு. ஒரு மீனுக்காக அதைத் தூக்குவதா?

"கொஞ்சம் சின்னதா இருக்கா?" என்று கேட்டேன்.

"மீன் சின்னதாகுமா அண்ணே?"

சின்னதையே வாங்கினேன். பழையதைவிட ஒரு சாண் உயரம், டிவி மேசையில் அடங்கும். மீதி இடத்தை நான் உண்டாக்கிக்கொள்வேன் என்றிருந்தேன். என் கடை ஒரு தகரக் கொட்டகை. முன்னும் பின்னும் கண்ணாடி மாட்டியிருப்பதால் உள்ளே வருகிறவன் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது போல நிமிர்ந்து நடப்பான். அந்த வித்தை எனக்குத் தெரியும். ஒரு பழைய முகம்பார்க்கும் கண்ணாடியை மூன்று துண்டாக அறுத்து, ஓரத்தை சாணைக்கல்லில் தேய்த்து, தொட்டியின் பின்பக்கமும் இரு பக்கமும் வெளியிலிருந்து டேப் போட்டு இம்மி பிசகாமல் ஒட்டினேன்.

தொட்டி ஏரியாகிவிட்டது. ஐந்து மீன் ஐம்பதாகிவிட்டது. தெருவே வந்து பார்த்தது. நான் நாற்காலியில் சாய்ந்தபடி, தொழில் தெரிந்தவனுக்கு எல்லாம் சுலபம் என்று விளக்கம் சொன்னேன்.

பிஷப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். மறுநாளும் நின்றார். துடுப்புகளை விரித்து, பக்கவாட்டில் திரும்பிக் காட்டி, மறுபடி நேராக நின்றார்.

"அழகு பாக்குது. என் கடையில எல்லாரும் இப்படித்தான். வெட்டி முடிச்சாலும் கண்ணாடிய விட்டு எந்திரிக்க மாட்டாங்க" என்றேன்.

அகேயோ தீனி போட்டாள். மற்ற நான்கும் பாய்ந்து வந்தன. பிஷப் திரும்பவில்லை.

"சோத்துக்குத் திரும்பாத ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. இது அழகு பாக்கலய்யா. எதுத்தாப்புல இருக்கிறவன்கூட சண்டை போடுது."

"முடி வெட்டுறவன் நானா, நீயா?"

அவள் சோபாவின்மேல் இருந்த பின்னல் துணியை எடுத்து, மேல் டேப்பை உரித்து, கண்ணாடிக்கும் தொட்டிக்கும் நடுவே செருகினாள். பின்னலில் பூவுக்குப் பூ ஓட்டை. பிஷப் ஓட்டை ஓட்டையாகத் தேடிப்போய் முட்டியது. முன்பு ஒரே எதிரி. இப்போது ஓட்டைக்கு ஓர் எதிரி.

அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். உதடு வெள்ளையாக உரிந்திருந்தது. அங்கியின் ஓரம் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. இப்படியே போனால் செத்துவிடும். என் நாற்காலியைக் காப்பாற்ற அதை அதனோடேயே மோதவிட்டுவிட்டு, நான் கூட்டம் கூட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணாடிகளைப் பிய்த்தேன். எதிரி மறைந்ததும் பிஷப் நிதானமாகத் திரும்பி, பக்கத்தில் இருந்த மீனைக் கடித்தது. பிறகு அடுத்ததை. ஆளுக்கு ஒரு மூலை வேண்டும் என்று அபோண்டி சொன்னபோது நான் நாற்காலியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிஷப்பை மட்டும் முதலில் இருந்த பழைய தொட்டிக்கு மாற்றிவிட்டு, நாற்காலியைத் தூக்கி வாசலில் வைத்தேன். அகேயோ எட்டிப் பார்த்தாள்.

"நாற்காலி வெளிய போகுதே, யாருய்யா செத்தது?"

"யாரும் சாகக் கூடாதுன்னுதான்."

அபோண்டியின் கடையிலிருந்து அந்த உயரமான தொட்டி வந்தது. தரையில் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, ஒரு மூலைக்குக் கீழே ரப்பர் கொடுத்தேன். குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, மருந்து வாடை போகும்வரை ஆறவிட்டேன். பழைய பஞ்சு வடிகட்டியைக் கழுவாமல் இதில் மாட்டினேன். இந்த முறை புத்திசாலித்தனம் எதுவும் சேர்க்கவில்லை. அபோண்டி சொன்னதை மட்டும், சொன்ன வரிசையில் செய்து, ஐந்தையும் அதில் இறக்கினேன்.

காலியான நடுத்தொட்டியை என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அகேயோ எடுத்துக்கொண்டாள். வாசலில் மண்டாசி, அதாவது எண்ணெயில் பொரித்த இனிப்புப் பணியாரம், சுட்டு விற்பவள் அவள். தொட்டியைத் துடைத்து, கண்ணாடிகளைத் திரும்ப ஒட்டச் சொல்லி, உள்ளே மண்டாசியை அடுக்கினாள். ஒரு தட்டு மண்டாசி ஒரு கடை மண்டாசியாகத் தெரிந்தது. மண்டாசி மண்டாசியோடு சண்டைக்குப் போவதில்லை. எல்லாம் விற்றது. தொட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தது என் நாற்காலியில்.

ஓவிட்டி ஒரு மண்டாசியைக் கடித்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் கடையிலிருந்து கொண்டுவந்த முக்காலியில், தொட்டிக்கு எதிரே முதுகு வலிக்கக் குந்தியிருந்தேன்.

"உன் நாற்காலி எங்கடா?"

"அந்த இடத்துல பிஷப் இருக்காரு."

அவர் குனிந்து பார்த்தார். பிஷப் தொட்டியின் அடிமூலையில், செடியோடு ஒட்டி நின்றது. இறக்கிவிட்டதிலிருந்து அசையவில்லை. எதையும் தொடவில்லை.

"இது பிழைக்குமா?" வாணலியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"தெரியல."

கொஞ்சம் தீனி தூவினேன். நான்கு மீன்களும் வந்து தின்றுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போயின. கடைசித் துணுக்கு ஒன்று மெதுவாகக் கீழே இறங்கியது. பிஷப் அதைப் பார்த்தது. கிழிந்த அங்கியை ஒருமுறை விரித்தது. மேலே எதிலும் முட்டவில்லை, கீழே எதிலும் உரசவில்லை. நேராக எழும்பி வந்து, உரிந்த வாயால் அதைக் கவ்வியது. துப்பியது. மறுபடி கவ்வி விழுங்கியது.

"அகேயோ!" என்று கத்தினேன். "தின்னுருச்சு!"

"வியாபார நேரம்யா" என்றாள் வாசலில் இருந்து, நாற்காலியை விட்டு எழாமல்.