மலையே சொன்ன ஆமென்

இந்த இத்தாலிய ஊரின் ரொட்டிக் கடை வரிசையில் ஒரு பேராயர் துணிப்பையோடு நிற்பார். யாரும் விலகி வழி விடுவதில்லை. எனக்கு மட்டும் இன்னும் முழங்கால் மடங்கப் பார்க்கிறது.

திருத்தந்தையின் தூதராக நாடு நாடாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆபிரிக்க நாடுகள், பிறகு கொழும்பு, பிறகு இன்னும் பெரிய தலைநகர். ஓரிடத்துச் சனங்களின் பேச்சு காதில் ஏறுவதற்குள் அடுத்த பதவி உயர்வு வந்துவிடும். நாட்டுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார். எங்களுடையது இலங்கை மலையகத்து லிந்துலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். மலையே ஆமென் என்றது" என்பார்.

அன்று நானும் பள்ளிச் சீருடையில் அங்கே நின்றேன். அவருக்காக நாங்கள் குடியிருந்த லயத்தின் ரோட்டுப் பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மண் சரிந்து வெடித்த பின்சுவரைப் பற்றி முறையிட அம்மா ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பேராயர் ஆண்டகை ஆங்கிலத்தில் பேசினார். மொழிபெயர்க்க வேண்டிய எங்கள் பங்குச் சாமி விருந்து ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பூசையில் குருவானவர் நிறுத்தினால் ஆமென் சொல்லியே பழகியவர்கள் நாங்கள். அவர் நிறுத்தினார், சொன்னோம். அவ்வளவுதான், கார் புறப்பட்டுவிட்டது.

போன ஞாயிறு அவருக்குப் பங்கு மண்டபத்தில் பாராட்டு விழா. பாலர் பள்ளியை நடத்தும் சிஸ்டர், அந்தக் கதைக்கு என்னைச் சாட்சி சொல்லக் கேட்டார். மகளுக்கு அங்கே இடம் கிடைக்காவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"சந்தோசமா இருந்தோம்னு சொல்லிட்டு எறங்கு புள்ள. நீ பேசினா செவரு ஒட்டிக்குமா?"

"இன்னும் அப்பிடியேதான் இருக்காம்மா?"

"இப்ப பூனை அந்த வழியாத்தான் வருது. கதவு தொறக்கிற வேல மிச்சம்."

மேடையில் ஏறினேன். "அவர் கேட்டது எங்களுக்குப் புரியவில்லை. நிறுத்தினார், அதனால் ஆமென் சொன்னோம். அம்மா வீட்டுச் சுவர் இன்னும் வெடித்தே இருக்கிறது" என்றேன். பேராயர்தான் முதலில் கைதட்டினார். "எவ்வளவு எளிய மக்கள், பாருங்கள்!" மண்டபமே தட்டியது. முறையீட்டையும் பாராட்டாக வாங்கிக்கொள்ளத்தான் அத்தனை நாடுகளில் பயிற்சி எடுத்தார் போலும். சிஸ்டர் மட்டும் தட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மகளோடு பள்ளி வாசலில் நின்றேன். சிஸ்டர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டார். கதவு மூடியது. அம்மாவின் அழைப்பு வந்தது. "என்னாச்சு புள்ள, சேத்துக்கிட்டாங்களா?" உள்ளே மகள் யாருக்கோ இத்தாலிய மொழியில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் போனை வைத்து, மறு காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.