எல்சா அக்காவின் சனிக்கிழமை வணக்கம்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்கிறேன். எல்சா அக்கா இறந்த செய்தி வந்த கடிதத்தை மூன்று நாள் அரிசிச் சாக்குக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். எனக்கு ஜெர்மன் பேச வரும், வாசிக்க வராது. ஊரிலேயே ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உறையில் கறுப்புக் கரையைக் கண்டதும், இங்கே அது சாவுக் கடிதத்தின் அடையாளம் என்று தெரியாமல், எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். என் மனிசன் கண்டெடுத்து வாசித்தபோது, அன்று காலைதான் அடக்கம் முடிந்திருந்தது.

டோர்ட்மண்டில் எங்கள் தெருத் தமிழாட்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எண்பத்திரண்டு வயது ஜெர்மன்காரியை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியது நான்தான். அர்த்தம் கேட்டார், மூத்த சகோதரி என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "அப்பிடிக் கூப்பிட எனக்கும் ஒருத்தன் இருந்தவன்," என்றார்.

முதன்முதல் அவரோடு ஒரு சனிக்கிழமை பேக்கரிக்குப் போனபோது, வரிசையில் நின்ற எதிர்வீட்டுக் கிழவரிடம் நேரே போய், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். கிழவர் நிலத்தைப் பார்த்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "என்ன அக்கா, பழைய காதலோ?" என்று கேட்டுவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் கதையைச் சொன்னார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த புதிதில் அவர் தம்பி வில்லிக்குப் பத்தொன்பது வயது. அவர்களுக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டினான். அவன் பெயரை எழுதிக் கொடுத்தவர் இந்த எதிர்வீட்டுக்காரர். வில்லியை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். செத்துவிட்டான் என்று ஒரு கடிதம்தான் திரும்பி வந்தது. பிறகு, சண்டை நடுவே, முழுப் போர் வேண்டுமா என்று நாஜி மந்திரி வானொலியில் கேட்டபோது தெருவே கைதட்டியதாம். எதிர்வீட்டுக்காரருடைய தட்டல் தெரு தாண்டிக் கேட்டதாம். "ரெண்டு வருசத்தில தட்டின கைகளும் இல்லை, தெருவும் இல்லை," என்றார் அக்கா. குண்டு விழுந்ததில் அக்காவின் அம்மா ஒளிந்திருந்த நிலவறைக்குள்ளேயே செத்துப்போனார். எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு கீறலும் இல்லை. சண்டை முடிந்ததும், தான் நாஜி இல்லை, நல்லவர் என்று நாலு பேரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பக் கட்டிய அதே தெருவுக்குக் குடிவந்துவிட்டார்.

அன்றிலிருந்து சனிக்குச் சனி அக்கா அவரிடம் சொன்னது ஒரே வசனம்: "காலை வணக்கம். எங்கட வில்லி இண்டைக்கும் வீட்டுக்கு வரேல்லை."

கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அடிச்சா ஒரு நாளில முடிஞ்சிடும்," என்றார். எனக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்தது. மன்னிப்பது பெரிய குணம் என்று கோவிலில் சொல்வார்கள். அப்படிச் சொல்பவரின் தம்பி வீட்டில் இருப்பான்.

வெளிநாட்டாரை வெறுக்கிறவர்கள் அகதி விடுதிகளை அங்கங்கே கொளுத்திக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெரு முனை விடுதியை மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்க வந்தவரும் இதே கிழவர்தான். அக்கா தாளை வாங்கி வடிவாகப் பார்த்தார். "அண்டைக்கு ஒரு பெயர் குடுத்தாய். இண்டைக்குப் பெயர் சேர்க்கிறாய். பேனைதான் புதுசு." தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை விரித்து உருளைக்கிழங்குத் தோல் சீவினோம்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அக்காவை வருத்தியது நோயல்ல. "நான் செத்தா அவன் நிம்மதியாப் பாண் வாங்குவான்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விடமாட்டேன் என்றேன். என் ஜெர்மனில் அந்த வசனத்தைச் சொல்லியும் காட்டினேன். சிரித்து, இருமி, "பிழையாவே சொல்லு. அவன் உத்துக் கேக்க வேணும்," என்றார்.

அக்காவின் கோப்பையோ குளிர்ச்சட்டையோ எனக்கு வேண்டாம். அந்த வசனம் என்னிடம் இருக்கிறது.

போன சனி பேக்கரியில் வரிசை நீளம். கிழவர் உள்ளே வந்து இடம் வலம் பார்த்தார்; அக்கா இல்லை; முகம் தெளிந்தது. நான் வரிசையை விட்டு வெளியே வந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன். "காலை வணக்கம். எங்கட வில்லி இண்டைக்கும் வீட்டுக்கு வரேல்லை."

கிழவரின் கைத்தடி விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. தலை நிமிர்ந்து வீடுவரை நடந்தேன்.

வாசலில்தான் நினைவு வந்தது, பாண் வாங்கவில்லை. திரும்பிப் போனேன். எனக்கு முன்னால் அவர்தான் நின்றார். கடைசிப் பாணை அவர் வாங்கிக்கொண்டார்.