எரித்தவர் நேசன் அல்ல

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காக நின்றபோது, என்னோடு படிப்பிக்கும் வசந்தி டீச்சர் போன் எடுத்தார். "மாஸ்டர், எங்கட நேசன் போயிட்டார். இண்டைக்குக் காலமை ஹார்ட் அட்டாக்." "பாவம், நல்ல மனுசன். உங்கட கொம்பியூட்டரை எரிச்சதைத் தவிர ஒரு பிழை சொல்லேலாது." பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

எங்கள் டியூசன் வகுப்பில் படித்தவர்கள் எல்லோருக்கும் நேசனைத் தெரியும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து கணினிகளைத் திருத்துபவர். "மெசினை ஏச முதல் எங்கட கையைப் பார்ப்பம்" என்றுதான் தொடங்குவார். ஒருநாள் பிளக்கைப் போடாமலே வேலை செய்யவில்லை என்று வசந்தி டீச்சர் கத்தியபோதும் அவர் சிரிக்கவில்லை. பிளக்கைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

நான் அங்கே தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம். புதுக் கணினி தேவைப்பட்டபோது, "கடையில ஏன்? சாமானைத் தாங்கோ, நானே பூட்டுறன்" என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால், வகுப்பை நடத்தும் டிரெக்டரிடம் பெருமை அடித்தேன். ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்து பாகம் பாகமாகப் பூட்டினேன். சுவிட்சை அழுத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. கோபத்தில் பத்துத் தரமாவது அழுத்தியிருப்பேன். பிறகு அந்த அரைச் சுற்றும் இல்லை.

மறுநாள் அதை வகுப்புக்குத் தூக்கிப்போய் நேசனை இரகசியமாகக் கூப்பிட்டேன். பவர் சப்ளையைத் தனியே கழற்றிப் பார்த்தார், அது ஓடியது. றாம் என்ற நினைவக அட்டையை மாற்றி மாற்றிப் போட்டார், பலனில்லை. கடைசியில் மதர்போர்ட்டை வெளியே எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் கறுப்பாக ஒரு பொட்டு. பெட்டிக்குள் அதே இடத்துக்கு நேரே, போர்ட்டைத் தாங்கப் பூட்டும் ஒரு பித்தளைக் கால் நின்றது. போர்ட்டில் துளை உள்ள இடங்களில் மட்டும் அந்தக் கால்களைப் பூட்டவேண்டும்; வேறு இடத்தில் பட்டால் ஷோர்ட் ஆகி எரிந்துவிடும். நான் பையில் இருந்த ஒன்பதையும் பூட்டியிருந்தேன், மிச்சம் வைத்தால் பலமில்லை என்று!

நேசன் அந்தக் காலைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து டிரெக்டர் வந்தார், பின்னால் நாலைந்து பிள்ளைகள்.

"என்ன நடந்தது?"

"நேசன் கழட்டேக்க ஷோர்ட் ஆகிட்டுது சேர்." சொன்னது நான்தான். யோசிக்கக்கூட இல்லை.

நேசன் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம் சேர், நான் கவனிச்சிருக்கவேணும்" என்றார்.

படியிறங்கும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ மாஸ்டர். நாளைக்கும் நீங்கள் பிள்ளையளுக்கு முன்னால நிக்கவேணும்" என்றார். அடுத்த மாதம் டிரெக்டர் மருதானையிலிருந்து வேறொருவரைப் பிடித்தார். நேசனுக்கு அந்த வேலை போனது. நான் நாலு வருடம் வாய் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு வாத்தி.

செத்த வீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, அந்தக் கொம்பியூட்டரை உண்மையாவே இவரோ எரிச்சவர்? எத்தனை தரம் கேட்டும் சொல்லேல்லை." வசந்தி டீச்சரும் டிரெக்டரும் பக்கத்திலேயே நின்றார்கள். "இப்ப ஏன் அக்கா அதெல்லாம்" என்றேன்.

அன்றும் தப்பிவிட்டேன். ஆகவே அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் இதை எழுதுகிறேன். நேசனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: எனக்காக அவர் சுமந்த அந்தப் பிழை. அது என்னுடையது.

அக்கா, அவர் இல்லை. நான்தான்.